கோணல் கோடு

இறப்பதற்கு முந்தின நாள்தான் மாசானம் அந்தச் சிறுவிடைக் கோழியை அடை வைத்தான். மற்றக் கோழிகள் வந்து இடும் முட்டைகள் கலந்துவிடக் கூடாதென்று, அடைமுட்டை ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் கோடு இழுப்பான். எத்தனை வருஷம் இழுத்தும் அது கோணலாகத்தான் வரும்.

குஞ்சுகள் பொரித்ததும் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. கூடையில் ஒரு முட்டை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அவன் மனைவி வெள்ளைத்தாய் அதைக் காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே தண்ணீராகத் தளும்பியது.

“கூமுட்டைல்லா மைனி அது. வெடிச்சா வீடே நாறிப்போவும். தூரப் போடுங்க,” என்றாள் மாசானத்தின் தங்கை.

“கெடக்கட்டும்.”

அடுத்ததாக அடையில் படுத்த கோழியின் வயிற்றுக்கடியில் அதைத் தள்ளி வைத்தாள். கோழி உருட்ட உருட்டக் கரி அழிந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் இறகை விலக்கிப் பார்த்தபோது, கோடு இருந்த இடம் லேசாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஓடிப்போய் அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். முட்டைக்கு மேலே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

அவளுக்குக் கோடு நேராகத்தான் வரும்.