டைகரின் கொட்டாவி

"கொட்டாவி வுடறதுக்குன்னு தனியா ஒரு நாயி வேணுமா டாக்டரம்மா? அதுக்குத்தான் வூட்ல இவ இருக்காளே" என்றார் உலகநாதன், பக்கத்தில் நின்ற மனைவி விசாலாட்சியைக் காட்டி.

தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பது அவர் வழக்கம். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் உரக்கடை வைத்திருப்பவர். கடையில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்துக்காகவாவது கூடச் சிரிப்பார்கள். கால்நடை மருத்துவர் நிவேதா அவரிடம் சம்பளம் வாங்கவில்லை என்பதால் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்து, நாயின் பெயர், வயது கேட்டார்.

"பேரு டைகரு. பொட்டைதான், ஆனாலும் ஒரு கெத்து வேணும்ல? மூணு வயசு ஆவுது."

அந்தக் கெத்து அப்போது விசாலாட்சியின் புடவைக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டு, வாலைக் கால்களுக்கு இடையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. சங்கிலி விசாலாட்சியின் கையில் இருந்தது.

உலகநாதன் குற்றச்சாட்டுகளை விலாவாரியாக எடுத்துவிட்டார். உரக்கிடங்கைக் காவல் காக்க வாங்கிய நாய், இதுவரை ஒரு பூனையைப் பார்த்துக்கூடக் குரைத்ததில்லை. நாலு வார்த்தை அதட்டினால் கேட்டுத் திருந்தாமல் கொட்டாவி விடுகிறது. திட்டத் திட்ட உதட்டை நக்குகிறது, என்னமோ அவர் பிரியாணி பரிமாறுவதைப் போல. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும் திமிர் வேறு. அவர் வீட்டில் இருக்கிறவரை சோற்றில் வாய் வைக்காது. அவர் பைக் தெருமுனையைத் தாண்டியதும் தட்டு காலி.

"மருந்து குடுத்து சரியாச்சின்னா சரி. இல்லன்னா சாயங்காலமே கரையாம்புத்தூர் எல்லையில வுட்டுட்டு வந்துடுவேன். அந்தாண்ட போயிட்டா அது தமிழ்நாட்டு நாயி, அப்பறம் அவங்க பாடு."

விசாலாட்சி சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். கொண்டுபோய் விடுவதற்கு முன் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மூன்று நாளாகக் கெஞ்சியவள் அவள்தான். டைகர் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் பேசுவதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. அவள் பேசுவாள் என்பதே உலகநாதனுக்குத் தெரியாது.

நிவேதா நாயின் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காய்ச்சலும் இல்லை.

"உடம்புல ஒரு குறையும் இல்ல சார். இது பதட்டம்."

"நாய்க்கு இன்னா டாக்டரம்மா பதட்டம்? பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்குதா?"

நிவேதா பொறுமையாக விளக்கினார். பதட்டம் என்றால் நடுங்கும், ஊளையிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் புரியாமல் போகிற அடையாளங்கள் நிறைய. தூக்கமே இல்லாமல் கொட்டாவி வரும். உதடு உலர்ந்து உலர்ந்து நாக்கு வெளியே வரும். முகத்தைத் திருப்புவது திமிர் அல்ல, சண்டை வேண்டாம் என்று கெஞ்சுவது. வண்டிச் சத்தம் கேட்டாலே இருக்கிற இடம் தெரியாமல் ஒடுங்கும். ஆள் எதிரில் இருந்தால் சோறு இறங்காது. கண்ணை மூடிப் படுத்திருக்கும், காது மட்டும் விழித்திருக்கும்.

விசாலாட்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். நாயை இவ்வளவு கவனித்திருக்கிறாளே என்று உலகநாதனுக்கே ஆச்சரியம். குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதே நினைவிருக்காத பெண்பிள்ளை அவள்.

"வீட்ல யாரையாவது பாத்து பயப்படுதா?" என்று கேட்டார் நிவேதா.

"யாரைப் பாத்து பயப்படப் போவுது? இருக்கிறது நானும் இவளும்தான். நான் சத்தம் போடுவேன், அவ்ளோதான். இந்த நாள்வரைக்கும் யார் மேலயும் கை வச்சதில்ல. சந்தேகமா இருந்தா இவளையே கேளுங்க" என்றவர், யாரும் கேட்டுவிடாதபடி மேலே பேசிக்கொண்டே போனார். நாய்க்குத் தேவை கண்டிப்புதான் என்றார். இந்தக் காலத்து டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் மனசு மனசு என்கிறார்கள் என்றும் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சார்." நிவேதா விசாலாட்சியின் பக்கம் திரும்பினார். "கூடவே இருக்கிறது நீங்கதானேம்மா, நீங்க சொல்லுங்க. இப்படி எத்தனை நாளா இருக்கு?"

விசாலாட்சி நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"இருபத்திரெண்டு வருஷமா, டாக்டரம்மா."

மேசைமேல் இருந்த சீட்டின் முதல் வரியில், டைகர், பெண், வயது மூன்று என்று எழுதியிருந்தது.