ஒரு முழ வளை

நகரத்தின் நடுவே ஒரு காலி மனை கிடந்தது. அதை என்ன செய்வதென்று முடிவாகும்வரை ‘தற்காலிகக் குடியிருப்புப் பகுதி’ என்று பலகை நட்டிருந்தார்கள். சில குடும்பங்கள் தகரக் கொட்டகை போட்டுக் குடியேறின. அவர்கள் சிந்தும் சோற்றை நம்பி ஒரு பெருச்சாளித் தம்பதியும் வந்து சேர்ந்தது.

ஆண் பெருச்சாளி ஒரு முழத்துக்கு வளை தோண்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

“குட்டி போடப்போறேன். மேட்டுப் பக்கமா இன்னும் கொஞ்சம் தோண்டுங்க,” என்றது பெண்.

“தற்காலிகம்னு எழுதியிருக்கு. நாளைக்கே காலி பண்ணச் சொன்னா அத்தனை உழைப்பும் வீண்தானே?”

ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. பெண் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. நான்கைத்தான் காப்பாற்ற முடிந்தது. மழை விட்டதும் தானே மேட்டில் ஆழமாகத் தோண்டியது. அந்த வளையில் மூன்று மழைக்காலம் கழிந்தது; இருபது குட்டிகள் வளர்ந்து வெளியேறின.

நான்காம் வருடம் மண்வாரி இயந்திரம் வந்தது. கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு மனிதர்கள் கிளம்பினார்கள். பெருச்சாளிகள் ரயில் பாதையோரம் ஓடின.

“பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்,” என்றது ஆண், மூச்சிரைக்க.

பெண் சரிவான ஓர் இடம் பார்த்துத் தோண்டத் தொடங்கியிருந்தது.

“இங்க எத்தனை நாளைக்கு விடுவாங்களோ?”

“மண்ணு சேருது பாருங்க, அந்தப் பக்கம் தள்ளுங்க,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஆண் சற்று நேரம் நின்றது. பிறகு தள்ளியது.