பொய்யே சொல்லாத வகுப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, ரெண்டு கட்டு மேலயும் இருக்கற சீட்டை மட்டும் மாத்தி ஒட்டிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

கேட்டவள் தங்கை. பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுப்பவள். 'பொய் பேசாதே' என்று ஒரு வருடம் தொண்டை வற்றப் பாடம் நடத்தியவள். அக்கா கல்வி ஆய்வாளர். அந்த வகுப்பால் பலன் உண்டா என்று அளந்து சொல்வது அவள் வேலை.

மேசைமேல் இரண்டு கட்டு விடைத்தாள்கள். ஒன்றில் 'பாடத்துக்கு முன்', இன்னொன்றில் 'பாடத்துக்குப் பின்' என்ற சீட்டு. 'நீ பொய் சொல்வதுண்டா?' என்ற கேள்விக்கு, பாடத்துக்கு முன்னால் மொத்த வகுப்பும் 'இல்லவே இல்லை' என்று எழுதியிருந்தது. பின்னால், அதே பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் 'ஆமாம், சொல்வேன்' என்றிருந்தார்கள்.

"தங்கமா இருந்த பிள்ளைங்களை நீ பாடம் நடத்தியே கெடுத்துட்டன்னு வருதுடி!"

"சிரிக்காதே. இதை அப்படியே குடுத்தா வகுப்பை மூடிடுவாங்க. வேலை போச்சுன்னா நான் பெட்டியோட உன் வீட்டுக்குத்தான் வரணும்."

"தங்கச்சி பாடத்தை அக்கா அளக்கறதே சரியில்லை. வேற ஆள் இல்லைன்னு என் தலையில கட்டிட்டாங்க. இந்த விஷயத்துல உருப்படியான ஆராய்ச்சியே கொஞ்சம்தான். அதுலயும் நான் மண்ணை அள்ளிப் போடணுமா?"

தங்கையின் கண் கலங்கியது. அக்கா இரண்டு கட்டுகளையும் எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள், கட்டுகளை ஒப்படைக்கப் போகும் வழியில், மனம் கேட்காமல் அக்கா அந்தப் பள்ளிக்குள் நுழைந்தாள். தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிள்ளைகளிடம் கேட்டாள்:

"போன வருஷம் யாருமே பொய் சொல்றதில்லைன்னு எழுதினீங்களே, இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

முன் பெஞ்சு ரெட்டைச் சடைக்காரி எழுந்தாள்.

"அப்பவும் பொய் சொல்லுவோம் மிஸ். அதனாலதான் இல்லைன்னு எழுதினோம்."

"இப்ப?"

"எங்க டீச்சர்கிட்ட பாடம் கேட்டுட்டு, பொய் எழுதக் கூச்சமா இருந்துச்சு."

தங்கை தலை குனிந்தாள். அக்கா மெதுவாகப் பையைத் திறந்து, காலையில் தானே மாற்றி ஒட்டியிருந்த சீட்டுகளைப் பிய்த்தெடுத்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒளிக்காமல் வந்து சொல்லட்டும். கேட்கிற பெரியவர்களுக்கும் அந்தக் கூச்சம் ஒட்டிக்கொள்ளட்டும். நல்லா இருங்கள்.