மண்பாதையில் புதைந்த லோரி

“தோத்தவங்களுக்கு எதுக்குப்பா சுல்தான் ரொட்டி குடுத்தாரு?”

தனுஜா பத்து வயதில் கேட்டாள். மடியில் வரலாற்றுப் புத்தகம்.

எண்ணூறு வருடங்களுக்கு முன், கடவுள் பெயரைச் சொல்லி ஒரு சிலுவைப் படை எகிப்துக்குள் புகுந்தது. நைல் நதியில் வெள்ளம் ஏறும் மாதம். சுல்தான் மதகுகளைத் திறந்துவிட்டார். படை சேற்றில் சிக்கி, பசியில் சரணடைந்தது. அவர்களுக்குத்தான் ரொட்டி.

அப்பா தங்கையா அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து வைத்தார். “சாப்பிட்டுப் படும்மா,” என்றார்.

இப்போது மகள் ஜொகூரில் வேலையில். தங்கையா, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்னதானப் பொறுப்பு.

இன்று திருவிழா. மேட்டு வரிசை வீடுகளான மேல் லயத்துக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள்.

அம்மன் தங்கள் பாட்டன் கொண்டுவந்தவள், தங்களோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. காளிமுத்து தலைமையில் குடும்பத்தோடு நாற்பது பேர். அவளைக் கொண்டுவந்த பிறகுதான் உலை என்று, வீடுகளில் அடுப்பே மூட்டவில்லை.

அம்மனை அழைக்கப் போகிறவர்கள் கடைத்தெருவை மிதிக்கக்கூடாதாம். தார்ச்சாலையை விட்டு, கோயிலுக்குக் கீழே தேயிலைக் கொழுந்து ஏற்றும் மண்பாதையில் சுற்றி வந்தார்கள். மழை. லோரி அச்சுவரை புதைந்தது.

“அம்மாவே வரமாட்டேன்னு மழைய அனுப்பிட்டா லா!” கோயில் தலைவர் குணாளன் சிரித்தார். “அண்ணே, சோத்த மூடுங்க. அவனுங்களுக்கு ஒரு பருக்கை போச்சு, அடுத்த வருஷம் கரண்டி உங்க கையில இருக்காது.”

தங்கையா மூடினார்.

முன்பு இரண்டு லயத்துக்கும் ஒரே அடுப்பு. இவர் பரிமாற, காளிமுத்து வாளி தூக்குவான். ரசத்தில் உப்புக் குறைந்தால் அவன் திட்டுவது பந்தி முழுக்கக் கேட்கும். அம்மன் யாருக்கு என்ற சண்டையில், அந்தத் திட்டைக் கேட்டு ஆறு வருடமாகிறது.

எல்லோரும் தேரின் பின்னால் போனதும், கருவறை அம்மனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, வீட்டு வாளிகள் இரண்டில் சோறும் சாம்பாரும் நிரப்பினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி இறங்கினார்.

அவர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. லோரியில் ஆளில்லை.

வாளிகளை ஓட்டுநர் இருக்கையில் வைத்தார்.

கொரோனாவில் மனைவி மணியம்மா மூச்சுக்குத் திணறிய நாட்களில், பக்கத்து வீடுகள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டன. ஆனால் பதினான்கு நாளும் விடியுமுன் இவர் வீட்டுப் படியில் சூடான கஞ்சி இருந்தது. ஐந்தாம் நாள் ஜன்னல் இடுக்கில் பார்த்தார்: மேட்டில் ஏறிப்போகும் காளிமுத்துவின் முதுகு.

பேச்சு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது அப்போது. அவனும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

சோறு ஆறிவிடக் கூடாது.

ஹாரனை ஒருமுறை நீளமாக அழுத்தினார். யாரும் எழுந்து வருமுன் செடிகளுக்குள் குனிந்துகொண்டார்.