ஜாடிக்குப் பொட்டு

பெயின்ட் கம்பெனியின் ஆயுத பூஜையில் இந்த வருஷம் மிஷின்களோடு தொழிலாளர்களின் ஈரல்களையும் வைத்திருந்தார்கள். பெயின்ட் கரைக்கிற தின்னர் நெடியில் கெட்டுப்போகும் ஈரலை அறுத்தெடுத்துவிட்டு, கம்பெனியே புதுசு பொருத்திவிடுகிறது. பழசைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, பெயர் ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே பொரியும் சுண்டலும்.

என் வீட்டுக்காரர் செங்கோடன் பெருமையாகக் கைகாட்டினார். "அந்த மூணும் என்னுது, புள்ள."

மூன்றும் கறுத்து, மஞ்சள் கொழுப்பு படிந்து, அழுகின கத்தரிக்காய் மாதிரி கிடந்தன. மூடியைத் தாண்டி தின்னர் நெடி அடித்தது. வாயில் போட்ட சுண்டலை விழுங்க முடியாமல் முந்தானையில் துப்பினேன்.

"உங்களுக்குக் கொமட்டலீங்களா?"

"உழைச்சதுக்கு மரியாத பண்றாங்க. இதுல கொமட்ட என்ன இருக்குது?"

ஐயர் கற்பூரத் தட்டோடு ஜாடிகளை நெருங்கினார். மேனேஜர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "எட்ட நின்னு காட்டுங்க சாமி, பத்திக்கும்!"

ஐயர் எட்ட நின்றே காட்டிவிட்டுத் தட்டை எங்கள் பக்கம் திருப்பினார். கண்ணில் ஒற்றிக்கொள்ள என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார். மேனேஜர் தட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.

"தள்ளி நில்லு, செங்கோடா. உன் மூச்சே பத்திக்கும்."