இரும்பு உடம்பு

"வாயை ஊதுங்க மாமா! ஊதிக் காட்டுங்க!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குளிர் அறைக் கதவுக்கு வெளியே அவருடைய மாமனார் தள்ளாடிக்கொண்டு நின்றார். கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாமல் விரல்கள் தடுமாறின.

"நான்... கு...டிக்கலை மாப்ளே..."

"நாக்கு குழறுது, கால் தரையில நிக்க மாட்டேங்குது. இதுல பொய் வேற!"

வாடை எதுவும் வரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எதையோ மென்று மறைத்திருக்கிறார் மனுஷன், பழைய பழக்கம் லேசில் போகுமா?

குடியை விட்டுவிட்டதாக மகளிடம் சத்தியம் செய்தவர். அதை நம்பித்தான் மாப்பிள்ளை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

வேலையிலும் குறை சொல்ல முடியாது. இளவட்டங்களெல்லாம் கொஞ்ச நேரத்திலேயே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஹீட்டர் முன்னால் ஓடிவரும். மாமனார் மட்டும், "எனக்குக் குளிரே தெரியலை, நீங்க போங்கப்பா" என்று உள்ளேயே நிற்பார். 'இந்த வயசிலும் இரும்பு உடம்பு' என்று பூரித்துப்போன சூப்பர்வைசர், இன்று ஆள் குறைந்ததும் மற்றவர்கள் முறையையும் சேர்த்து அவர் தலையிலேயே கட்டியிருந்தார்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்க. இனிமே இங்க வேலையும் கிடையாது, என் வீட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாது. உங்க பொண்ணு அழுது புரண்டாலும் சரி!"

பெரியவர் பக்கத்துப் பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பாரு, தூக்கம் வேற வருதாம்!"

முதலாளிக்குச் சாட்சி வேண்டுமே. சூப்பர்வைசர் கம்பெனி நர்ஸம்மாவை ஆள்விட்டு வரவழைத்தார்.

"எவ்வளவு குடிச்சிருக்கார்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. இன்னையோட இவர் கதையை முடிச்சிடறேன்."

நர்ஸம்மா பெரியவரின் சட்டைக்குள் கையை விட்டாள். மறுநொடியே அவள் முகம் மாறிவிட்டது.

"போர்வை கொண்டாங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

"குடிச்சிட்டு விழுந்தவருக்கு எதுக்கும்மா ஆம்புலன்ஸ்?"

"ஒரு சொட்டுகூடக் குடிக்கலை சார், குளிர்ல உடம்பே விறைச்சுக் கிடக்கு!" நர்ஸம்மா சீறினாள். "வயசானா நடுக்கமும் சரியா வராது, குளிர்றதும் தெரியாது. முதல்ல வெளிய அனுப்ப வேண்டிய ஆளு இவர்தான்."

சுற்றி நின்றவர்களை அவள் ஒருமுறை முறைத்தாள்.

"இந்த மனுஷனை இவ்வளவு நேரம் உள்ளே நிக்கவச்ச குடிகாரன் யாரு?"