கரண்ட் வெங்காயம்

குடோன் இன்ஸ்பெக்டர் வீரராகவனைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, நாகமுத்து அவரை மனசாரச் சபித்துவிட்டுத்தான் வந்தான்.

அது எழுபத்தைந்தாம் வருஷம். கும்மிடிப்பூண்டி குடோன் பக்கத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். குடோனுக்குள்ளே மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று பார்க்க, பம்பாயில் கதிர்வீச்சு காட்டிக் கொண்டுவந்து வைத்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கரண்ட் வெங்காயம்'.

சோதனை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்ததும் அத்தனையையும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு.

"பொதைக்கிறதுல ஒரு மூட்டை எனக்குக் குடு சார்," என்றான் நாகமுத்து.

ஆரம்பாக்கத்தில் அவனுக்கு அரை ஏக்கர். மழை பெய்து, பாத்தியும் கட்டியாகிவிட்டது. நடத்தான் விதை இல்லை. போன வருஷப் பஞ்சத்தில் விதை வெங்காயத்தையும் தின்று தீர்த்திருந்தார்கள்.

"கூடாதுய்யா."

"இன்னா சார், விஷமா அது?"

"விஷம்னும் சர்க்கார் சொல்லலை, நல்லதுன்னும் சொல்லலை. சொல்ற வரைக்கும் ஒருத்தர் வாய்லயும் போகக் கூடாது."

"துன்றதுக்கா கேக்கறேன்? நடறதுக்கு சார்!"

"அது முளைக்காதுய்யா. கதிர் பட்டா முளை செத்துடும்."

நாகமுத்து சிரித்துவிட்டான். "நல்லா கீது! ஜோபில பேனா குத்திக்கினு கீற நீ, எனக்கு வெங்காயம் மொளைக்கிற கதை சொல்றியா? குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லு. நான் ஒண்ணும் பிச்சைக்கு வரலை."

அவர் குழியின் ஆழத்தைக் குனிந்து பார்த்தார்.

"நீ வெச்சது எதுவும் மொளைக்காது, போ!" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம் மறுபடி போனான். வாட்ச்மேன் கலியனைக் காணோம். குடோன் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கதவோரமாக இருந்த மூட்டையைத் தூக்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஐயோ, ஷாக் அடிக்கப் போவுதுயா!" என்று பயந்த அவன் பெண்சாதி கெங்கம்மாள், கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் நட்டாள்.

பத்தே நாள். பாத்தி முழுக்கப் பச்சைப் பசேலென்று முளை.

"மொளைக்காதாமே! அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு வரேன்."

ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு குடோனுக்குப் போனான். கலியன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"சாரா? போன செவ்வாக்கெழமை ஆபீஸ்லயே மாரைப் புடிச்சிக்கினு சாஞ்சாருபா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி."

நாகமுத்துவின் கை தானாகக் கீழே இறங்கியது.

"ஒரு மூட்டை நான்தான் எடுத்துக்கினு போனேன், கலியா. கணக்குல கொறையுதேன்னு அவரை யாராவது எதுனா கேட்டாங்களா? அந்தக் கவலையில..."

"எங்கே கொறைஞ்சிது? பெரிய ஆபீசர் முன்னாடி எண்ணி எண்ணித்தான் குழியில தள்ளினோம். சர்க்கார் மூட்டை ஒண்ணுகூடக் கொறையலை."

"அப்போ நான் எடுத்தது?"

கலியன் அவன் கையிலிருந்த பச்சை வெங்காயத் தாளைப் பார்த்தான்.

"அது சார் திருவள்ளூர் சந்தையில வாங்கியாந்த விதை வெங்காயம். 'நேர்ல குடுத்தா வாங்க மாட்டான், ரோஷக்காரன். எப்படியும் திருட வருவான், நல்லதா எடுத்துக்கினு போகட்டும்'னு அவரே கதவாண்ட வெச்சாரு. என்னையும் சோறு துன்னப் போகச் சொல்லிட்டாரு."

நாகமுத்து வீட்டில் இன்றைக்கும் விதை வெங்காய மூட்டை கதவோரமாகத்தான் இருக்கிறது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.